விசிலுக்கு முன்னால் ஒரு சான்றிதழ்

மைதானமே கதி என்று கிடக்கிற என் பையன், வெளிநாட்டில் குழந்தைகளுக்கு கிரிக்கெட் கோச்சாகப் போகிறேன் என்கிறான். நம்மூர் ஆளை அங்கே யார் சார் கூப்பிடுவார்கள்?
– ஒரு தகப்பனார், ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்

ராபின் சிங்குக்கு எது வெளிநாடு, சொல்லுங்கள்? பிறந்தது டிரினிடாட். படிக்க வந்தது மெட்ராஸ். ஆடியது தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும். பயிற்சி கொடுத்தது ஹாங்காங்குக்கு. 2020-ல் ஐக்கிய அரபு அமீரகம் அவரை கிரிக்கெட் இயக்குநராகவே அமர்த்திக்கொண்டது.

குழந்தைகளுக்கான கோச் என்றால் மெடலை அப்புறம்தான் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு வேலை செய்வதற்கென்றே பின்னணிச் சோதனை உண்டு, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக. இங்கிலாந்திலும் குற்றப் பின்னணியை அலசிவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கத்தில் விடுவார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்! பாஸ்போர்ட் ஆபீஸில் விண்ணப்பித்து போலீஸ் சான்றிதழை வாங்கி வைக்கட்டும்.

கையில் ஒரு படிப்பும் வேண்டும். காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம். சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் முத்திரை வேண்டுமா? தைக்காட்டில் இருக்கிறது நோர்கா, வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான அரசு அமைப்பு.

விசாவுக்கு முன்பே பணம் கேட்கிற ஏஜென்ட் வந்தால், பதிவு எண்ணை முதலில் கேளுங்கள்.