ஊசி பிடிக்கும் கைக்கு ஒரு வாழ்த்துப்பா

திருவண்ணாமலை போல ஒழுங்கான ஊர் உண்டா? கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் போடுகிறவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, சொன்ன இடத்தில்தான் பரிமாற வேண்டும். அடையாள அட்டை காட்டிச் சீட்டு வாங்கினால்தான் மலையேறலாம் என்றிருந்த வருஷங்களும் உண்டு. புளியோதரை அள்ளி வைக்கிற கைக்கே இத்தனை கெடுபிடி. நரம்பு தேடி ஊசி குத்துகிற கையை மட்டும் நம் அரசுகள் கேள்வி கேட்காமல் நம்பின பாருங்கள், அந்தப் பெருந்தன்மையை எப்படிப் பாடாமல் இருப்பது?

அரசுகளின் நிதானமும் போற்றத்தக்கது. டாக்டர்களுக்கான பதிவேட்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1914-இல் வந்தது, நர்ஸுகளுக்கு 1926-இல், மருந்தாளுநர்களுக்கு நாடு முழுவதற்குமாக 1948-இல். லேப் டெக்னீசியன், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் மெஷினைக் கவனிப்பவர் ஆகியோருக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 2021-இல் வந்தது. பதறாத காரியம் சிதறாது அல்லவா? பதிவேடு வைக்க ஆறு மாதத்தில் மாநில கவுன்சில் அமையுங்கள் என்றது சட்டம். மூன்று வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், 14 மாநிலங்களில்தான் கவுன்சில் இருக்கிறது, அதுவும் இயங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் குறைப்பட்டு, இரண்டு மாதம் கெடு வைத்தது. நீதிபதிகளுக்குத்தான் எவ்வளவு அவசரம்!

மெஷின்மீது வைத்த அக்கறையையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். ஸ்கேன் சென்டருக்கு 1994-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு வேண்டும். படித்தவர்தான் மெஷினைத் தொட வேண்டும் என்று வாரியம் சொல்லத்தான் செய்கிறது. யார் படித்தவர் என்று நோயாளி பார்த்துக்கொள்ள ஒரு பட்டியல் இல்லாததுதான் இதன் அழகு. எக்ஸ்ரே அறைக்காரர் நெஞ்சில் அணிய வேண்டிய கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ், வெள்ளைக் கோட்டோடு ஆணியில் தொங்கும். மூன்று மாதத்துக்கொருமுறை அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். துளிக் கதிரும் படவில்லை என்று முடிவு வரும். சுவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லையாம். சந்தோஷம்.

பிழை நேராதா என்று சந்தேகப்படுகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். ரத்தத்தைச் சிரிஞ்சிலிருந்து வேகமாகக் குழாயில் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். உள்ளேயிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து கலக்கும். நல்ல உடம்புக்காரருக்கும் பொட்டாசியம் எகிறியதாக ரிப்போர்ட் வரும். இது தெரிந்த டெக்னீசியன், குழாயில் பிரிந்து நிற்கும் சீரம் சிவந்திருப்பதைப் பார்த்ததுமே மறுபடி ரத்தம் எடுப்பார். தெரியாதவர் ரிப்போர்ட்டை அழகாக அச்சடித்து, உறையில் போட்டுச் சிரித்த முகத்தோடு தருவார். குழாயில் பெயரை மாற்றி ஒட்டினால் ஒருவர் ரத்தப் பிரிவு இன்னொருவருக்குப் போகும். அதற்கென்ன, எல்லா ரத்தமும் சிவப்புதானே!

சமத்துவத்துக்கும் குறைவில்லை. மூன்று, நான்கு வருஷம் படித்துப் பயிற்சி முடித்த பெண்ணும், கூடமாட நின்று வேலை கற்றுக்கொண்ட தம்பியும் ஒரே வெள்ளைக் கோட்டில் நிற்கிறார்கள். சம்பளம் தம்பிக்குக் குறைவு என்பதால் முதலாளியின் மனம் அவரிடமே சாய்கிறது. பதிவேடு இருந்தால், தப்புச் செய்தவர்மீது புகார் கொடுக்கலாம், பேரை நீக்கலாம், நீக்கப்பட்டவர் வேறெங்கும் வேலை பார்க்க முடியாது. இப்படிப் பிழைப்பில் மண் போடலாமா? பதிவேடு இல்லாததால், போளூர் ரோட்டில் விரட்டப்பட்டவர் மறுநாள் செங்கம் ரோட்டில் ஊசி பிடிக்கலாம். எத்தனை கருணை!

மருத்துவம் படிக்காமலே ஸ்கேன் பார்த்துக் கருக்கலைப்புச் செய்ததாக 2018 டிசம்பரில் இதே திருவண்ணாமலையில் ஒருவர் கைதானார். ஸ்கேன் சென்டர்களைப் பதியச் சட்டம் வந்து 24 வருஷம் ஆகியிருந்தது. டெக்னீசியன்களைப் பதிய நாடு முழுவதற்குமான சட்டம் அப்போது பிறக்கவே இல்லை.

ஆகவே பெரியோர்களே, அடுத்த முறை லேபில் கையை நீட்டும்போது, "தம்பி, என்ன படிச்சிருக்கீங்க? உங்க பதிவு எண் என்ன?" என்று கேட்டுத் தொலைத்துவிடாதீர்கள். நாலு பேர் கேட்டால் நாற்பது பேர் கேட்பார்கள். அப்புறம் அரசாங்கம் பதிவேட்டைத் திறந்தே தீர வேண்டிய சங்கடம் வந்துவிடும்.