முகவரி கேட்காத தாள்

கேள்வி: இலங்கையின் ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் யாரும் கேளாத துண்டுப்பிரசுரங்கள் வாசல்தோறும் குவிவது ஏன்?

பதில்: பிரித்தானியர் காலத்தில் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாமையால், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் வங்கிக் கடிதமும் தோட்ட அலுவலகத்தில் தங்கித் தாமதமாகவே உரியவர் கைக்குச் சேர, முகவரியே தேவைப்படாத தேர்தல் பிரசுரமோ ஒரு வாசலையும் தவறவிடுவதில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில், வாசிக்கப்படாமலே அடுப்புக்கும் கானுக்கும் போகும் இத்தாள் பொறுக்கத்தகாத விரயமாகும். 2018ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் தோட்டங்களுக்குள்ளும் பணி செய்ய அதிகாரம் பெற்ற பிரதேச சபைகள், வேண்டாத தாளைத் தடுப்பதற்கு முன்பாக, வேண்டிய கடிதம் வந்து சேரும்படி ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் இலக்கமிட்டுத் தபாற்பெட்டி வைப்பதே முறை.