ஆரணிப் பட்டின் நாய்வழி வம்சம்

செய்யாரிலிருந்து ஒரு பக்கம் போனால் ஆரணிப் பட்டு, இன்னொரு பக்கம் போனால் ராணிப்பேட்டைத் தோல். பட்டு மணமேடை வரை போகும். தோல் வாசலிலேயே கழற்றி விடப்படும். ஆனால் நொதிகளின் சரித்திரத்தைத் தோண்டினால் இரண்டும் பங்காளிகள். பொதுப் பாட்டன், மன்னிக்கவும், ஒரு நாய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், சுண்ணாம்பில் ஊறிய தோலை மிருதுவாக்க நாய்ப்பீக் கரைசலில் போடுவார்கள். தெருத்தெருவாக அதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகைக்காரர் எழுதிவைத்திருக்கிறார். வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ். காய்ந்து வெளுத்த ரகத்துக்கு விலை கூடுதல். விடுவார்களா? பழைய சுவர்க் காரையைச் சுரண்டிக் கலந்தார்கள். நாய்ப்பீயில் கலப்படம்! இவர்களிடமா நாம் வியாபாரத்தில் தோற்றோம் என்று இனி வருத்தப்படத் தேவையில்லை.

அந்த நாற்றத்துக்குள் வேலை செய்வது யார் என்று குனிந்து பார்த்தவர் நாட்டிங்காம் தோல்காரர் ஜோசப் டர்னி உட். பாக்டீரியாக்களும் நொதிகளும்தான் என்றார். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் தன் மூக்கை நம்பினார். தோல் தொட்டியும் எரிவாயு ஆலைக் கழிவுநீரும் ஒரே மாதிரி நாறியதால், ரகசியம் அம்மோனியாதான் என்று முடிவுகட்டி ஒரு சரக்கு தயாரித்தார். படுத்துவிட்டது. பிறகு விலங்குகளின் கணைய நொதியை எடுத்து ‘ஓரோபான்’ என்று விற்றார். 1908 வாக்கில் நாய்க்கு ஓய்வு கிடைத்தது. வாளிக்காரர்களின் கதி என்ன என்பதை வேதியியல் புத்தகங்கள் எழுதுவதில்லை.

கணையம் வேண்டுமென்றால் மாட்டையோ பன்றியையோ அறுக்க வேண்டும். பாக்டீரியாவுக்குச் சோறு போட்டால் போதும். அப்படி ஒரு பாக்டீரியா நொதி சிக்கியது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில். லிண்டர்ஸ்ட்ரோம்-லாங், ஒட்டெசன் இருவரும் ஆராய்ந்துகொண்டிருந்த முட்டை வெள்ளைக்கருப் புரதம், திடீரென்று தட்டுத் தட்டான படிகங்களாக மாறியது. பார்த்தால், அழைக்காமல் புகுந்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியா அந்தப் புரதத்தைக் கடித்துவைத்திருக்கிறது. நம் வீடென்றால் கெட்டுப்போச்சு என்று கொட்டிப் பாத்திரத்தைக் கழுவியிருப்போம். அவர்கள் 1947-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கடித்த பல்லான நொதியும் பின்னால் அதே ஆய்வகத்தில் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் சப்டிலிசின். காரத்துக்கும் சூட்டுக்கும் சளைக்காத பிறவி. 1960-களில் சலவைத்தூளுக்குள் குடியேறி, உலகத்தின் அழுக்குச் சட்டைகளையெல்லாம் நக்கத் தொடங்கியது.

அதே நொதி பட்டுக்கும் உதவும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. காசு கொடுத்து வாங்கிய எடையில் கால்வாசி தொட்டித் தண்ணீரோடு போகிறது. போகாவிட்டால் பளபளப்பு வராது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பது பழைய வழி. சூடோ காரமோ மிஞ்சினால் உள்ளே இருக்கும் ஃபைப்ராயின் என்ற பட்டிழையும் சேர்ந்து நையும். நொதிக்கோ அந்தக் கொதி வேண்டாம், பசையை மட்டும் பார்த்துத் தின்னும். விறகு மிச்சம். சோடா மலிவு என்பதால் கொப்பரை இன்னும் அடுப்பைவிட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் பெரிய கூத்து 1964-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் கஃபாட்டோஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் கண்டது: கூட்டைவிட்டு வெளியேற, அந்துப்பூச்சியே ஒரு நொதியைச் சுரந்து அந்தப் பசையைக் கரைக்கிறது. கூலி கேட்காத தொழிலாளி! நாமோ அது வாயைத் திறக்கும் முன்பே ஆவியில் வைத்துக் கொன்றுவிட்டு, பிறகு அதே வேலைக்கு டப்பாவில் நொதி வாங்குகிறோம். பூச்சி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகி நூல் அறுந்துவிடும் என்பது நம் தரப்பு வாதம். பூச்சியின் தரப்பில் யாரும் வக்காலத்து போடவில்லை.