வடைக்கு வக்காலத்து

கேள்வி: நல்ல கொழுப்பு சாப்பிட்டால் ஆயுள் கூடுமாமே? அப்படியென்றால் தினம் ரெண்டு மெதுவடை சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: நல்ல கொழுப்பு என்றதும் வடை ஞாபகம் வருகிறதே, உங்கள் மனசுக்கே நூறு வயசு!

அன்செல் கீஸ் என்றொரு அமெரிக்க விஞ்ஞானி. 1958-ல் தொடங்கி ஏழு நாட்டு ஆண்களின் சாப்பாட்டையும் இதயத்தையும் ஆராய்ந்தார். வெண்ணெயும் பாலுமாகச் சாப்பிட்ட பின்லாந்துக்காரர்கள் மாரடைப்பில் சரிய, கிரேக்கத்தின் கிரீட் தீவுக்காரர்கள் ஆலிவ் எண்ணெயில் நீந்தியபடி திடமாக இருந்தார்கள். கீஸ் சும்மா விடுவாரா? இத்தாலியில் பியோப்பி என்ற கடலோரக் கிராமத்திலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார். 2004-ல் இறந்தபோது வயது 100. (ஒருத்தர் வயசு ஆராய்ச்சி ஆகாது. ஆனாலும் டாக்டரே தன் மருந்தைச் சாப்பிடுவது அபூர்வம்!)

பிறகு ஸ்பெயினில் சுமார் 7,400 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெயோ பருப்புக் கொட்டைகளோ சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. ஆள் பிரித்ததில் குளறுபடி என்று 2013-ல் வந்த கட்டுரையை 2018-ல் வாபஸ் வாங்கி, திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. மொத்தச் சாவு எண்ணிக்கை குறைந்ததாக மட்டும் நிரூபணமாகவில்லை. எமனுக்கு வேறு வாசல்களும் உண்டே.

ஆலிவ் வாங்கக் கட்டுப்படியாகாதா? நம் நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்புதான், அதாவது நீங்கள் கேட்ட நல்ல கொழுப்பு. வெண்ணெய், டால்டாவுக்குப் பதிலாக ஊற்றினால் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும். கவனியுங்கள், 'பதிலாக'. நீங்கள் கேட்டது 'சேர்த்து'. அதிலும் டீக்கடை வடைச்சட்டி எண்ணெய்க்கு உங்களைவிட வயசு அதிகம்!