தொடைக்கறி பூப்போல வர...

கேள்வி: அவனில் கோழித்தொடை சுட்டால் ஒன்று ரப்பராக இழுக்கிறது, இல்லாவிட்டால் வறண்டு போகிறது. என்னதான் செய்வது?

பதில்: நெஞ்சுக்கறிக்கும் தொடைக்கறிக்கும் ஒரே கணக்குப் போடுகிறீர்கள்! நெஞ்சு பூஞ்சை உடம்பு; கறியின் உட்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சக்கையாகிவிடும். தொடையோ நாளெல்லாம் நடந்து உரமேறிய தசை. 74 டிகிரியில் சாப்பிடத் தகுந்ததாகிவிடும், ஆனால் பல்லோடு மல்லுக்கு நிற்கும். 80, 85 வரை ஏறவிடுங்கள். உள்ளே இருக்கும் கொலாஜன் அப்போதுதான் ஜெலட்டினாக இளகி, கறியைப் பிசுபிசுவென்று ஈரமாக வைத்திருக்கும்.

கறிக்கடையில், "தோலை உரிக்காம, எலும்போட குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். தோல்தான் கறிக்குக் குடை. கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஓர் இரவு வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், தோல் காய்ந்து மொறுமொறுப்புக்குத் தயாராகும். சுடும் முன் எண்ணெய், மிளகு போதும். தோல் இல்லாத கறிதான் கிடைத்ததா? தயிரும் எண்ணெயும் பூசிவிடுங்கள்.

முன்கூட்டியே சூடாக்கிய அவனில், தோல் மேலே இருக்க, 220 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். துண்டுகள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது. நெருக்கினால் சுடாது, அவியும். வெளியே எடுத்ததும் தோல் சடசடக்கும், எலும்போரம் நெய்போல் சாறு கசியும். அந்த நேரத்தில் கை வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

உட்சூடு 80, 85 ஏறிவிட்டதா என்று அறிய, கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். எலும்பில் படாமல் குத்துங்கள்.