துப்பாக்கி பிரிப்பதற்கே: மின் ஏர்சாஃப்ட் துப்பாக்கி குறித்து ஓர் அளவையியல் ஆய்வு

ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறதோ அதற்காகவே படைக்கப்பட்டது என்பது பழைய கொள்கை. கத்தி நறுக்கும், குடை மறைக்கும், நாற்காலி தாங்கும் என்று வரிசையாகச் சொல்லிவந்து, துப்பாக்கி சுடும் என்று முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது அறிஞர் வழக்கம். ஒரே ஒரு துப்பாக்கியைப் பொறுத்தவரை இந்த வழக்கம் பிழையானது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது ஜப்பானில் பிறந்து வளர்ந்த மின் ஏர்சாஃப்ட் துப்பாக்கி. 1991இல் டோக்கியோ மாருயி நிறுவனம் பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கி வடிவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடி, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் இக்கருவி சுடுவதற்காகச் செய்யப்பட்டது என்றே விற்பவரும் வாங்குபவரும் வாங்குபவரின் வீட்டாரும் அன்றுமுதல் நம்பி வருகிறார்கள். நம் கோட்பாடு வேறு. இது பிரிப்பதற்காகச் செய்யப்பட்டது. சுடுதல் என்பது பிரித்துக் கோத்தது சரிதானா என்று பார்க்கும் சோதனை. காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளாலும் இதை நிறுவி, மறுப்புரைப்பார்க்கு விடையும் கூறுவோம்.

ஆய்வுக்களம் ஜப்பானாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒருவர் துப்பாக்கியை வீட்டில் பிரித்து மேம்படுத்துகிறார் என்றால், அதன் வலிமையைக் கூட்டத்தான் என்று யாரும் எளிதில் முடிவு கட்டிவிடுவர். பிற நாடுகளில் அந்த ஐயத்தை விலக்குவது கடினம். பிரிட்டனின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒற்றைச் சுடு துப்பாக்கிக்கு 2.5 ஜூல், தொடர்சுடு துப்பாக்கிக்கு 1.3 ஜூல் என்று சற்றுத் தாராளமாகவே இடம் விட்டிருக்கிறது. ஜப்பானிலோ துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2006இல் திருத்தப்பட்டபோது, குண்டின் குறுக்குவெட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்று வரம்பு கட்டினார்கள். 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அது ஏறத்தாழ 0.98 ஜூல். நூறு கிராம் தக்காளி ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து ஒரு மீட்டர் உயர மேசைமேல் வைப்பதற்கு ஆகும் ஆற்றல் இவ்வளவே. 0.20 கிராம் குண்டு அந்த ஆற்றலில் நொடிக்கு 99 மீட்டர் வேகத்தில் போகும். கடையில் வாங்கி, பெட்டியைத் திறந்த கையோடு சுட்டாலே நொடிக்கு 90 மீட்டரை ஒட்டிய வேகம் கிடைத்துவிடுகிறது. சட்டத்துக்கு உட்பட்டு மேம்படுத்துபவருக்கு எஞ்சியிருப்பது ஒன்பது மீட்டர். அதையும் விளிம்புவரை தொடத் துணிபவர் இல்லை. வெயில் சற்றுக் கூடினால் வரம்பைத் தாண்டிவிடுமோ என்ற அச்சம். ஆக, வலிமை என்னும் நோக்கத்தை அரசாங்கமே நமக்காக விலக்கிக் கொடுத்துவிட்டது. அதன்பிறகும் அந்நாட்டுச் சாப்பாட்டு மேசைகளில் திருப்புளிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன என்பதுதான் விளக்க வேண்டிய நிகழ்வு.

முதலில் காண்டல். கியர்பாக்ஸின் இரு ஓடுகளையும் இணைக்கும் திருகுகளைக் கழற்றி உள்ளே நோக்குக. விசையை அழுத்தினால் மின்சுற்று மூடி மோட்டார் சுழலும். மோட்டாரின் பினியன் பெவல் சக்கரத்தைச் சுற்ற, பெவல் ஸ்பரைச் சுற்ற, ஸ்பர் செக்டரைச் சுற்றும். செக்டருக்கு விளிம்பின் ஒரு பகுதியில்தான் பல். பல்லுள்ள பகுதி பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். பல் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாய, சிலிண்டரில் இருந்த காற்று நாசில் வழியாகக் குண்டைத் தள்ளும். பல துப்பாக்கிகளில் இந்தப் பற்சக்கரங்களின் மொத்த விகிதம் 18.72க்கு 1. அதாவது, மோட்டார் ஏறக்குறைய பத்தொன்பது சுற்றுச் சுற்றி உழைத்தபிறகு, கால் கிராமுக்கும் குறைவான ஒரு குண்டு வெளியேறும். சுடுவது மட்டுமே குறிக்கோள் என்றால் இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. ஸ்பிரிங்கைக் கையால் இழுத்துச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி இதற்கு முன்பே இருந்தது, இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. இதே குண்டை இதே வரம்புக்குள் அதுவும் தள்ளும். அதில் இல்லாமல் இதில் மிகுந்திருப்பது கழற்றத் தக்க உறுப்புகளின் பெருக்கமே. தொடர்ந்து சுடலாம் என்ற வசதியை மறந்துவிட்டீரே என்பாரைச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம். அவருக்கான விடை கருதலளவையில் வருகிறது.

காண்டலில் இன்னொரு சான்றும் உண்டு, அதுவே வலியது. பற்சக்கரங்களின் அச்சில் சிம் எனப்படும் மெல்லிய வளையங்களை இட வேண்டும், 0.1, 0.2, 0.3 மில்லிமீட்டர் எனப் பல தடிமன்களில் அவை கிடைக்கும். குறைத்து இட்டால் சக்கரம் ஆடிப் பற்கள் உரசி அலறும். கூட்டி இட்டால் எல்லாம் இறுகி மோட்டார் திணறும், பேட்டரி சூடாகும். எவ்வளவு இட வேண்டும் என்பதை ஓடு திறந்திருக்கையில் அறிய இயலாது. மூடி, திருகுகளை எல்லாம் முடுக்கி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தபின் திருத்த வேண்டுமானால் திறந்தாக வேண்டும். அறிவது மூடிய நிலையில், செய்வது திறந்த நிலையில் என்று இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்த ஒரு கருவி, தன்னைத் திரும்பத் திரும்பத் திறக்கச் சொல்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் கொள்வதற்கில்லை. காற்றுக் கசிவுச் சோதனையும் அத்தகையதே. நாசிலின் வாயை விரலால் அடைத்துப் பிஸ்டனைத் தள்ளினால் அது எதிர்த்து நிற்க வேண்டும்; வழுக்கிக்கொண்டு போனால் ஓ-ரிங்கையோ சிலிண்டர் தலையையோ பார்க்க வேண்டும், கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் குழாய்க்காரர் டெஃப்லான் டேப். இந்தச் சோதனைகளில் எதற்கும் ஒரு குண்டுகூடத் தேவைப்படுவதில்லை. மேலும், அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் ஓட்டைத் திறந்தால் அது பாய்ந்து வெளியேறி, கூடவே சில சிறு உறுப்புகளையும் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் அனுப்பிவிடும். ஆகவே சுடப்படுபவர் அணியும் அதே பாதுகாப்புக் கண்ணாடியைப் பிரிப்பவரும் அணிய வேண்டியிருக்கிறது. எங்கே காப்பு தேவையோ அங்கேதான் செயல் நிகழ்கிறது என்று கொள்வது முறை.

அடுத்து கருதல். தொடர்சுடும் வேகத்தைக் கூட்ட விரும்பிய ஒருவர் 7.4 வோல்ட் லிப்போ பேட்டரியை எடுத்துவிட்டு 11.1 வோல்ட் பேட்டரி வைக்கிறார் என்க. விசையின் தொடுமுனைகளில் பொறி பறந்து கரிகிறது. காப்பாற்ற மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சாவியைப் பொருத்துகிறார். இப்போது செக்டர் மிக விரைந்து சுற்றுவதால், முன்னே பாய்ந்த பிஸ்டன் தன் இடம் சேருமுன்பே மறுபடி அதைப் பற்றுகிறது; பிஸ்டனின் பிளாஸ்டிக் பற்கள் சீவப்படுகின்றன. உலோகப் பற்கள் உள்ள பிஸ்டன் வருகிறது. அது கனம் கூடியது, முன்னதைவிட மெதுவாகத் திரும்புகிறது. வலிய ஸ்பிரிங் இட்டால் விரைந்து திரும்பும், ஆனால் 0.98ஐத் தாண்டும். ஆகவே செக்டரின் பற்களில் சிலவற்றை அரைத்து எடுக்கிறார். இழுப்பு நீளம் குறைகிறது, ஸ்பிரிங் முழுதும் அமுங்குவதில்லை, தள்ளும் காற்றும் குறைகிறது. வலிய ஸ்பிரிங் சட்டத்துக்குள் அடங்குகிறது. எல்லாவற்றையும் கோத்து மூடி வேகமானியின் முன் பிடித்தால் 90 மீட்டர் காட்டுகிறது. புறப்பட்டபோதும் அது 90தான். பேட்டரி, மாஸ்ஃபெட், பிஸ்டன், ஸ்பிரிங், செக்டர் என ஐந்தும் மாறின, எண் மாறவில்லை. நொடிக்குச் சில குண்டுகள் கூடுதலாகப் போகின்றனவே எனின், போகின்றன. மேகசினும் அதற்கேற்ப விரைந்து காலியாகிறது, ஒற்றைச் சுடு மட்டுமே அனுமதிக்கும் ஏர்சாஃப்ட் ஆட்டங்களில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. இத்தனையும் ஒரு மனிதர் மாறாத எண்ணுக்காகவும் பயன்படாத வேகத்துக்காகவும் செய்தார் என்பது அவருடைய அறிவை ஐயுறுவதாகும். மாறிய ஐந்துக்காகவே செய்தார் என்று கருதுவதே அவருக்கும் தருக்கத்துக்கும் மரியாதை.

மூன்றாவது உரை, அதாவது சான்றோர் வாக்கு. இத்துறையில் சான்றோர் எனத் தக்கவர் தயாரிப்பாளரும் வணிகருமே. இத்தகைய துப்பாக்கியின் கையேடு பொதுவாகச் சொல்வது, பிரிக்காதீர், பிரித்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நம் கோட்பாட்டுக்கு எதிரானது போல் தோன்றும். அற்றன்று. நிகழாத ஒன்றை எந்த நூலும் விலக்குவதில்லை. மின்விசிறியின் கையேட்டில் அதை உண்ணாதீர் என்று யாரும் அச்சிடவில்லை. விலக்கு இருப்பதே வழக்கு இருப்பதற்குச் சான்று. வணிகர் இன்னும் வெளிப்படையானவர். அகிஹபாராவின் ஏர்சாஃப்ட் கடைகளில் துப்பாக்கிகளுக்கு ஒரு சுவர் என்றால், சிறு பைகளில் தொங்கும் உதிரி உறுப்புகளுக்கும் ஒரு சுவர் உண்டு. ஐயம் இன்னும் நீங்காதவர்க்கு சிஸ்டமா நிறுவனத்தைக் காட்டலாம். விலையுயர்ந்த தன் பயிற்சித் துப்பாக்கியை அது வாங்குபவரே கோத்துக்கொள்ளும் உதிரித் தொகுப்பாகவும் விற்றது. பிரிக்கும் சிரமத்தைக்கூட வாடிக்கையாளருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த வணிக அறம் அது.

இனி மறுப்புகள். முதலாவது: வீட்டில் சீர்செய்த துப்பாக்கி உண்மையிலேயே துல்லியமாகவும் தொலைவாகவும் சுடுகிறது, ஆகவே நோக்கம் சுடுதலே என்பது. முன்பாதியை ஒப்புக்கொள்கிறோம், அதுவே பின்பாதியைக் கெடுக்கிறது. தொலைவுக்குக் காரணம் ஹாப்-அப். குழலின் தொடக்கத்தில் உள்ள ஒரு ரப்பர் துண்டு, குண்டின் தலையைச் சற்றே அழுத்துவதால் குண்டு பின்னோக்கிச் சுழன்றபடி போகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸின் பெயர்பெற்ற விளைவால் அச்சுழற்சி குண்டை மேலே தாங்குகிறது, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கத் தாமதமாகிறது. ஒரு ஜூல்கூட ஏறாமல் தொலைவு ஏறுகிறது. துல்லியம் வேண்டுமென்றால் அந்த ரப்பரை நல்லதாக மாற்றி, குழலின் உட்புறத்தைத் துடைத்து, வடிவம் பிசகாத 0.25 கிராம் குண்டுகளை வாங்கினால் பெரும்பகுதி கைகூடிவிடும். எம்4 வகைத் துப்பாக்கியில் இதற்குக் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். மேற்பாதியைக் கழற்றிக் குழலை உருவினால் போதும். சுடுதலை நாடுபவர் இங்கே நின்றிருப்பார். மேம்படுத்துபவரோ இதை முதல் மாலையிலேயே முடித்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்கிறார். தேவை தீர்ந்த இடத்தில் தொடங்கும் செயலுக்கு அந்தத் தேவை காரணமாகாது.

இரண்டாவது மறுப்பு: ஞாயிற்றுக்கிழமைகளில் சிபா மாவட்டத்துக் காடுகளில் அமைந்த ஆட்டக்களங்களுக்குப் பலர் வந்து நாள் முழுதும் சுடுகிறார்களே, அவர்கள் எதற்கு வந்தார்கள்? வந்ததும் முதலில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். களத்தார் துப்பாக்கிகளை வேகமானியில் சோதிக்கிறார்கள். தனக்கான எண்ணைச் சொல்லக் கேட்டதும் ஒவ்வொரு முகத்திலும் தேர்வு முடிவு பார்த்த மாணவனின் அமைதி. வந்த காரியம் அப்போதே முடிந்துவிட்டது. மிச்ச நாள் சடங்கு. அதற்கு மேலும் ஒரு நியாயம் உண்டு. இந்த ஆட்டத்தில் குண்டு பட்டதைப் பட்டவரே கையைத் தூக்கி ‘ஹிட்’ என்று அறிவிக்க வேண்டும். ஆகவே, பினியனில் தொடங்கி பெவல், ஸ்பர், செக்டர், பிஸ்டன், நாசில், ரப்பர், குழல் என்று வரும் துல்லியச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எதிராளியின் மனச்சான்று. அதற்கு மட்டும் எந்தக் கடையிலும் உதிரி உறுப்பு விற்பதில்லை, எந்தத் தடிமன் சிம்மாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சுடுதலே குறிக்கோளாக இருந்திருந்தால், இத்தனை கூர்த்த மதியினர் அந்தக் கண்ணியை இப்படி விட்டுவைத்திருப்பார்களா?

மூன்றாவது மறுப்பு சற்று நுட்பமானது. பிரிப்பதுதான் இன்பம் என்றால் கடிகாரத்தைப் பிரிக்கலாமே, சைக்கிளைப் பிரிக்கலாமே, எதற்குத் துப்பாக்கி என்பது. கடிகாரம் சரியாகக் கோக்கப்பட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்துத் திறப்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சைக்கிள் தன் உறுப்புகளை வெளியே காட்டிக்கொண்டு நிற்பதால் திறப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஏர்சாஃப்ட் துப்பாக்கி இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. மூடியிருக்கிறது, மேசையில் அடங்குகிறது, மாலைக்குள் பிரித்துக் கோக்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிங் தளர்ந்தும் பற்கள் தேய்ந்தும் கியர்பாக்ஸின் முன்புறத்தில் விரிசல் கண்டும், சலிப்பு வராத இடைவெளிகளில் பழுதாகிறது. அப்படியானால் கைதேர்ந்த கடைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்பவரை எங்கே வைப்பீர் எனின், அவர் தம் இன்பத்தைப் பணம் கொடுத்துப் பிறருக்கு வழங்கும் வள்ளல். அவருள்ளும் பலர் துப்பாக்கி திரும்பி வந்ததும், கடைக்காரர் என்னதான் செய்தார் என்று பார்ப்பதற்காகத் திறப்பார்கள் என்பதே எம் துணிபு.

எந்தக் கோட்பாடும் தன்னைப் பொய்ப்பிக்கும் வழியையும் சொல்ல வேண்டும் என்பது இக்கால ஆய்வு நெறி. எமக்கும் அது உடன்பாடே. தன் துப்பாக்கியில் சிம் சரியாக அமைந்து, காற்று கசியாமல், வேகம் வரம்புக்குள் நின்று, குண்டு நேராகப் போவதைக் கண்டபின், இனி இதில் செய்ய ஒன்றுமில்லை என்று மனநிறைவோடு ஓராண்டு அதைத் திறக்காமல் சுட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு மேம்படுத்துபவரைக் காட்டினால் போதும், எம் கோட்பாடு வீழ்ந்தது. சாட்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஓராண்டில் அவர் இரண்டாவது துப்பாக்கி வாங்கியிருக்கக் கூடாது.