செத்த முள்ளும் செல்லமான ஹாரனும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற பத்துப் பதினைந்து வயதான லாரி ஒன்றின் கேபினுக்குள் எட்டிப் பாருங்கள். ஏர் ஹாரன் உயிரோடு இருக்கும். மெட்டுப் போட்டு ஊரைக் கூட்டும். ஸ்பீக்கர் இருக்கும், கலர் கலராக எல்.ஈ.டி. பட்டை இருக்கும். ஸ்பீடாமீட்டர் கூட எஃப்.சி. சமயத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆயில் பிரஷர் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் மட்டும் என்றோ கண்ணை மூடியிருக்கும். ஹாரன் தொண்டை கட்டினால் அடுத்த ஊர் வருவதற்குள் எலக்ட்ரீஷியனைத் தேடுகிற டிரைவர், இந்த இரண்டும் போய்ச் சேர்ந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடமாட்டார். சரி செய்ய ஆளில்லாத ஊரா இது? 1912-லேயே டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட ஊர். டேஷ்போர்டு மீட்டர் செய்கிற ப்ரிக்கால் கம்பெனி இருப்பது இதோ கோயம்புத்தூரில். ஆகவே கைத்தொழில் தெரியாமல் முள் சாகவில்லை. அது செத்துக் கிடப்பது முதலாளிக்கும் வசதி, டிரைவருக்கும் வசதி. என் கட்சி இதுதான்.

முதலில் இந்த முட்கள் என்னதான் சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடாமல் சுற்றுகிறது. நடுவே தலைமுடி அளவு இடைவெளி, அதில் ஆயில். பம்ப் தள்ளுகிற ஆயிலை அந்த இடைவெளி எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதுதான் பிரஷர். பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், பிரஷர் இறங்கும். ஆயில் சூடேறி நீர்த்துப் போனாலும் இறங்கும். வண்டிக்கு வண்டி கணக்கு மாறும் என்றாலும், சூடான இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது ஒரு கிலோ, ரோட்டில் ஓடும்போது மூன்றிலிருந்து ஐந்து கிலோ என்பது மெக்கானிக்குகள் வாயில் புழங்குகிற அளவு. டெம்பரேச்சர் முள் 80-க்கும் 95-க்கும் நடுவில் இருந்தால் சௌக்கியம். முதல் முள் இறங்கும்போது இரண்டாவது ஏறுகிறதா, தனியாக இறங்குகிறதா என்பதில்தான் சேதியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அசைந்தால் தண்ணீரையும் ரேடியேட்டரையும் பார்க்க வேண்டும். பிரஷர் மட்டும் இறங்கினால் ஆயிலையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

“அதுக்குத்தான் சிவப்பு லைட்டு இருக்கே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த விளக்கின் சுவிட்ச் விழித்துக்கொள்வது பிரஷர் சுமார் அரைக் கிலோவுக்கு இறங்கிய பிறகு. மூன்று கிலோ இருக்க வேண்டிய வேகத்தில் முக்கால் கிலோவை வைத்துக்கொண்டு வண்டி விருதுநகர் வரைக்கும் போகலாம், விளக்கு எரியாது. எரியும்போது அது எச்சரிக்கையாக வருவதில்லை, கேதம் சொல்ல வந்த ஆளாக வருகிறது. அதற்குப் பிறகு நமக்கு இருக்கிற வேலை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான்.

இப்போது வசதிக்கு வருவோம். முள் உயிரோடு இருந்தால் டிரைவர் நடுவழியில் போன் போட்டு, “மொதலாளி, முள்ளு ஏறுது, ஓரங்கட்டிட்டேன்” என்று சொல்ல முடியும். வாழைத்தார் ஏற்றிய வண்டி ஓரத்தில் நின்றால் முதலாளிக்கு வயிறு எரியும். முள் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிரைவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்ஜின் சீஸ் ஆன பிறகு நடக்கிற பஞ்சாயத்தில் “முள்ளு ஏறினப்ப என்னடா பண்ணிக்கிட்டு இருந்தே?” என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. முள் ஏற்கனவே செத்திருந்தால் கேள்வியும் அதோடு செத்தது. இப்படி இருவரும் பேசாமலே பேசி முடித்த ஒப்பந்தத்தில், எதிர்சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளைத் தீர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இதில் நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1980களின் இறுதியில் சில வண்டிகளில் ஒரு வித்தை செய்தது. டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் ஜம்மென்று இருக்கும், இன்ஜினில் சென்சாருக்குப் பதிலாக வெறும் சுவிட்ச். கொஞ்சம் பிரஷர் வந்ததும் முள் நடுவில் போய் நிற்கும். அப்புறம் எத்தனை ஏறி இறங்கினாலும் அசையாது. முள்ளைக் கொல்லாமல் பொய்ச்சாட்சி சொல்லப் பழக்கிவிட்டார்கள். நாகரிகமான நாடு.

அனுபவஸ்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். “முப்பது வருஷ டிரைவருக்குக் காதுதான்யா மீட்டர்” என்பார்கள். காதின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் காதுக்குக் கேட்கிற ‘டக் டக்’ என்பது இரும்பும் இரும்பும் ஏற்கனவே தொட்டுவிட்ட சத்தம். பிரஷர் இறங்குவதற்கு என்று தனியாக ஒரு சத்தம் கிடையாது. போதாததற்கு, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது, அந்தச் சீமையிலேயே பிறந்த இளையராஜாவின் பாட்டு கேபினில் முழுச் சத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். பேரிங் தட்டினால் தபேலா கூடச் சேர்ந்துகொண்டது என்றுதான் தோன்றும்.

“மதுரை சமவெளிதானே, இங்கே எதுக்கு இதெல்லாம்?” என்பது இன்னொரு வாதம். மதுரை சமவெளிதான். லோடு மதுரைக்குள்ளேயே சுற்றுவதில்லையே! தேனி வழியாகப் போனால் குமுளி ஏற்றம், போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதை விடுங்கள், சமவெளியே என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டர் வேலை செய்வது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில். மார்கழி ராத்திரியில் தண்ணீர் 90, காற்று 20 என்றால் வித்தியாசம் 70. அக்கினி நட்சத்திர மத்தியானத்தில் காற்றே 40 என்றால் கைக்கு வருவது 50தான். கப்பலூர் டோல்கேட்டில் வண்டி ஊர்ந்தால் எதிர்க்காற்றும் இல்லை. ஃபேன் பெல்ட் தொய்ந்திருந்தால் அதுவும் போச்சு. இந்தச் சூட்டுக்கு நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு கைவைத்தியம் உண்டு: “தெர்மோஸ்டாட்டு வெள்ளைக்காரன் குளிருக்கு வச்சது, நமக்கெதுக்கு?” என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். சில இன்ஜின்களில் அப்படிச் செய்தால் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி, சூடு இன்னும் ஏறும். மற்றவற்றில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் தேயும். வைத்தியம் பலித்ததா என்று சொல்லக்கூடிய முள்ளோ முன்னாடியே காலி.

கேஜ் மாட்டுவதே புது வம்பு என்கிற ஆட்சேபத்தில்தான் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. பழைய முறையில் ஆயிலே மெல்லிய செம்புக் குழாய் வழியாகக் கேபினுக்குள் வந்து, பாரிஸில் எழென் போர்டோன் 1849-ல் பேட்டன்ட் வாங்கிய வளைந்த குழாயை நிமிர்த்தி முள்ளைத் தள்ளும். கரண்டே வேண்டாம், பொய் சொல்லாது. ஆனால் அதிர்வில் குழாய் விண்டால் கொதிக்கிற ஆயில் டிரைவர் மடியில். அதனால் எலக்ட்ரிக் சென்சார்தான் புத்திசாலித்தனம். ஆயில் சுவிட்சைக் கழற்றி, அங்கே டி-பீஸ் போட்டு, ஒரு வாயில் பழைய சுவிட்ச், மறு வாயில் சென்சார் என்று பூட்டினால் விளக்கும் இருக்கும், முள்ளும் இருக்கும். கசியக்கூடாது என்று டெஃப்லான் டேப்பைப் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல் சுற்றினால், ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த்து கிடைக்காமல் முள் கண்டபடி ஆடும். பழி கேஜ் மேல் விழும். பெரிய லாரி 24 வோல்ட். மலிவாகக் கிடைத்ததென்று 12 வோல்ட் கார் கேஜை மாட்டினால் அன்றைக்கே கருகும். கேஜும் சென்சாரும் ஜோடியாக வாங்க வேண்டும். ஐரோப்பிய வகை சென்சாரில் பிரஷர் ஏறினால் 10-லிருந்து 180 ஓம் வரை ஏறும். அமெரிக்க வகையில் 240-லிருந்து 33-க்கு இறங்கும். ஜோடி மாறினால் இன்ஜின் சாகச் சாக முள் சந்தோஷமாக மேலே போகும். டெம்பரேச்சர் சென்சாரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், முள் இறங்கும். வண்டி ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு மிதி மிதிப்பவர்கள் உண்டு. இரண்டு முள் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் கம்ப்யூட்டரே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பதும் ஓரளவுக்கு உண்மை. அது மீறிப் போனால் இழுவையைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றும். முதலாளியிடம் அனுமதி கேட்காது. நான் பேசுவது அந்த வண்டிகளைப் பற்றி அல்ல. இன்னும் பத்து வருஷம் ஓடப்போகிற பழைய லேலண்டுகளையும் டாட்டாக்களையும் பற்றி. அவற்றுக்குக் கேஜ் ஜோடி ஆயிரங்களில் முடியும். இன்ஜின் வேலை லட்சத்தில் பேசும். காசை முதலாளிதான் கொடுக்க வேண்டும். கூடவே, “முள்ளு கோட்டைத் தாண்டினா என்னைக் கேக்காம நிறுத்து” என்று வாயால் ஒரு வார்த்தையும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் எல்.ஈ.டி. பட்டையோடு அதுவும் ஒரு ஜோடனை. எந்தக் கோடு என்று கம்பெனிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற வண்டி சூடேறி ஓடும்போது முள் எங்கே நிற்கிறதோ, அந்த இடத்துக்கு நேராகக் கேஜ் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் கிளீனர் பையனும் படித்துவிடுவான். மாட்டுகிற இடம், பாண்டி முனீஸ்வரர் படத்துக்குப் பக்கத்தில். டிரைவர் நாளைக்கு நாலு தடவையாவது தவறாமல் பார்க்கிற இடம் டேஷ்போர்டில் அது ஒன்றுதான்.